அவுட்போர்டு படகில் ஸ்டியரிங் இறுகிவிட்டதா? பிடித்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

வேலூரில் மோட்டார் படகுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு 2021 நவம்பர் மாதத்தை நினைவுபடுத்தினால் போதும். ஆண்டு முழுக்க மணலாகக் கிடக்கும் பாலாறு அந்த மாதம் இரு கரையும் தொட்டு ஓடியது. பொன்னையாற்றிலும் வெள்ளம். அந்த மாதிரி நாட்களில்தான் எங்கோ ஒரு கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த படகுக்குத் திடீரென்று வேலை வரும். டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய், தண்ணீரில் இறக்கி, பின்பலகையில் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் அது ஓடும். ஸ்டியரிங் வீல் மட்டும் திரும்பாது.

இந்தக் கோளாறைப் பற்றிக் கடலோர மெக்கானிக்குகளிடம் கேட்டால் முதலில் உப்பைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி. பழைய வட ஆற்காட்டுப் பகுதியில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம், படகு ஓடுவது ஏரியிலும் அணையிலும் வெள்ளத்திலும்தான். உப்புத் தண்ணீர் கிடையாது. நம் ஊரில் ஸ்டியரிங்கைக் கெடுப்பவை வேறு: மாதக்கணக்கில் அசையாமல் நிற்பது, 40 டிகிரிக்கு மேல் போகும் கோடை வெயில், தகரக் கொட்டகையின் சூடு, வண்டல், தூசி. சூட்டில் கிரீஸிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வடிந்துவிடும். மிஞ்சுவது காய்ந்த சோப்பு மாதிரியான ஒரு கட்டி. அதில் வண்டல் கலந்துவிட்டால் மோட்டாரைத் திருப்பும் ஸ்டீல் ராடு நகரவே நகராது.

ஸ்டியரிங் டைட் ஆனவுடன் பலரும் செய்வது, கண்ணில் பட்ட இடமெல்லாம் எண்ணெய் ஊற்றி, வீலைப் பிடித்து முழுபலத்தோடு திருப்புவது. இதை மட்டும் செய்யாதீர்கள். எந்தப் பகுதி பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பலம் போட்டால், நல்லபடியாக இருக்கும் பகுதி உடையும். கிரீஸ் வேலையாக முடிந்திருக்க வேண்டியது கேபிள் மாற்றும் செலவாகிவிடும். வேலூரில் அந்தக் கேபிள் உடனே கிடைக்காது, சென்னைக்குச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். அதனால் கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும்.

வீலிலிருந்து மோட்டார் வரை

வீலுக்குப் பின்னால் பல்சக்கரம் கொண்ட ஒரு பெட்டி இருக்கும். அதை ஹெல்ம் என்பார்கள். வீலைத் திருப்பினால் அந்தப் பெட்டி, தடித்த கருப்பு உறைக்குள் இருக்கும் கேபிளைத் தள்ளும் அல்லது இழுக்கும். கேபிளின் மறுமுனையில் பளபளப்பான ஒரு ஸ்டீல் ராடு. அந்த ராடு, மோட்டாரைத் தூக்கி இறக்கும்போது அச்சாக இருக்கும் குழாய்க்குள், அதாவது டில்ட் டியூபுக்குள், புகுந்து மறுபக்கம் வெளியே வரும். அங்கிருந்து ஒரு சிறிய லிங்க் ராடு மோட்டாரின் ஸ்டியரிங் கையைப் பிடித்திருக்கும். மோட்டார் இடமும் வலமும் திரும்புவது ஸ்விவல் பிராக்கெட்டில். அதற்குள் செங்குத்தாக ஒரு தண்டும் புஷ்ஷும் உண்டு.

இதில் இறுகக்கூடிய இடங்கள் நான்கு: ஸ்விவல் தண்டு, டில்ட் டியூபும் ராடும், கேபிள், ஹெல்ம். நம் பக்கத்துப் படகுகளில் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றுதான்.

வீல் இல்லாமல் கைப்பிடியால் ஓட்டும் மோட்டாரும் உண்டு. மீட்புப் பணிக்கான ரப்பர் படகுகளில் அதுதான் வழக்கம். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் வேறு வகை, இந்த வழிகாட்டியில் அது இல்லை.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

படகு டிரெய்லரில் இருக்கட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மோட்டாரை நேராக இறக்கியபின் அதன் கால் தரையில் இடிக்காத உயரம் வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள், இழுபட்டால் மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றுங்கள், பேட்டரி வயரையும் பிரித்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கித் தள்ளி வையுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் வைத்துச் சுத்தம் செய்யப்போகும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது.

தேவைப்படும் பொருட்கள் எல்லாம் சாதாரண ஒர்க்‌ஷாப்பில் இருப்பவைதான். ரிங் ஸ்பேனர் செட், பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், கிரீஸ் கன், துருவை இளக்கும் ஸ்ப்ரே, மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட், உருண்டையான நீளப் பிரஷ், பித்தளை அல்லது மரக் கம்பி, ரப்பர் சுத்தியல். கிரீஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீர் பட்டாலும் கரையாத மரைன் கிரீஸ் வாங்குங்கள். லாரிக்குப் போடும் ஏதோ ஒரு கிரீஸைப் பழைய கிரீஸின் மேலேயே அடைத்தால், இரண்டும் ஒத்துப்போகாமல் ஒன்று இளகி ஓடும், இல்லையென்றால் இன்னும் கட்டியாகும். பழையதை முழுக்க எடுத்த பிறகுதான் புதியது.

முதல் படி: லிங்க் ராடைக் கழற்றுங்கள்

கழற்றுமுன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம், போல்ட்டின் தலை மேலா கீழா என்பது மாட்டும்போது மறந்துவிடும். பிறகு மோட்டாரின் ஸ்டியரிங் கையிலிருந்து லிங்க் ராடைப் பிரியுங்கள். இப்போது வீலுக்கும் மோட்டாருக்கும் தொடர்பு இல்லை.

மோட்டாரின் காலைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். மேல்மூடியைப் பிடித்துத் தள்ள வேண்டாம், அதன் கொக்கி அந்தப் பலத்துக்குச் செய்யப்பட்டதல்ல. மோட்டார் ஒரு கையால் சீராகத் திரும்பினால் ஸ்விவல் நன்றாக இருக்கிறது. மூச்சுப்பிடித்துத் தள்ள வேண்டியிருந்தால் கோளாறு அங்கேதான்.

அடுத்து வீலைத் திருப்புங்கள். மோட்டார் சுமை இல்லாததால் அது இப்போது மிக லேசாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கேபிள், டியூப், ஹெல்ம் மூன்றும் தப்பித்தன. இன்னும் கனமாக இருந்தால் அந்த மூன்றில் ஒன்று. இரண்டு சோதனையிலும் இறுக்கம் தெரிந்தால் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. பல ஆண்டுகள் கவனிக்காமல் நின்ற படகில் அப்படித்தான் இருக்கும்.

சில சமயம் லிங்க் ராடைக் கழற்றியவுடன் இரண்டு பக்கமும் லேசாகிவிடும். அப்போது சந்தேகம் லிங்க் ராடின் மேலேயே வர வேண்டும். அதன் மூட்டுகள் அசைந்து கொடுக்க வேண்டியவை. யாராவது போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலோ, லிங்க் வளைந்திருந்தாலோ மொத்த ஸ்டியரிங்கும் கனக்கும்.

மோட்டார் பக்கம் டைட் என்றால்

முதலில் ஸ்டியரிங் உராய்வைக் கூட்டிக் குறைக்கும் திருகு அல்லது நெம்புகோல் இருக்கிறதா என்று பிராக்கெட்டில் தேடுங்கள். எல்லா மோட்டாரிலும் இருக்காது. இருந்து, யாரோ முறுக்கி விட்டிருந்தால், அதைத் தளர்த்தியதும் வேலை முடிந்துவிடும்.

இல்லையென்றால் ஸ்விவல் பிராக்கெட்டில் உள்ள கிரீஸ் நிப்பிள்களை, அதாவது கிரீஸ் கன்னைப் பொருத்தும் சிறு முனைகளை, கண்டுபிடியுங்கள். மேல் வண்டலைத் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் கன்னைப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். இரண்டு மூன்று முறை அழுத்துங்கள், மோட்டாரை இருபக்கமும் திருப்புங்கள், மறுபடி அழுத்துங்கள். தண்டின் மேலும் கீழும் பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வரும். நிறம் மாறிப் புதிய கிரீஸ் வரும்வரை விடாதீர்கள்.

கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளைச் சுற்றியே வழிந்தால் நிப்பிளைக் கழற்றிப் பாருங்கள். அதன் குண்டு சிக்கியிருந்தால் புதியது போடுங்கள், ஒர்க்‌ஷாப் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். பழைய நிப்பிளின் மரையைக் காட்டி அதே அளவு வாங்குங்கள். துளைக்குள் கிரீஸ் கல்லாகியிருந்தால் மெல்லிய கம்பியால் கிளறி, துருநீக்கி ஸ்ப்ரேயை விட்டு ஒரு இரவு ஊற வையுங்கள். மறுநாள் மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். ஒரே மூச்சில் முழு வளைவும் வர வேண்டியதில்லை. ஒரு விரல்கடை அசைந்தாலே நல்ல அறிகுறி, அதற்குப்பின் கூடிக்கொண்டே போகும்.

சூடு காட்டலாமா என்று கேட்பார்கள். கேஸ் சுடர் வேண்டவே வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் புஷ் இருக்கும், பக்கத்தில் பெட்ரோல் குழாய் இருக்கும். கொதிக்கும் தண்ணீரைப் பிராக்கெட்டின் மேல் மெதுவாக ஊற்றினால் காய்ந்த கிரீஸ் இளகப் போதுமான சூடு கிடைக்கும். கையிலும் காலிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் ஸ்விவல் தண்டை வெளியே எடுத்துப் புஷ் மாற்ற வேண்டும். 25 குதிரைத்திறன் மோட்டாரே சுமார் 50 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். செயின் பிளாக் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். அவுட்போர்டு பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதுதான் சரி.

டில்ட் டியூபும் ராடும்

நம் ஊரில் அதிகம் சிக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டியூபின் ஒரு முனையில் கேபிளைப் பிடித்திருக்கும் பெரிய நட் இருக்கும். அதைத் தளர்த்துங்கள். ராடு டியூபிலிருந்து முழுதாக வெளியே வர, பக்கவாட்டில் ராடின் நீளத்துக்கு இடம் வேண்டும். பின்பலகை குறுகலான படகில் இது இடிக்கும். அப்போது மோட்டாரைச் சற்று நகர்த்தியோ தூக்கியோதான் எடுக்க முடியும்.

ராடு வராமல் அடம்பிடித்தால் டியூபின் இரண்டு முனையிலும் துருநீக்கி ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி அடியுங்கள். பிறகு ராடின் முனையில் பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் நேராக ராடை அடித்தால் அதன் முனை பூப்போல விரிந்துவிடும், அப்புறம் அது டியூபுக்குள் எந்தக் காலத்திலும் நுழையாது. கொஞ்சம் உள்ளே போனால் வீலைத் திருப்பி வெளியே கொண்டுவாருங்கள், மறுபடி தட்டுங்கள். பொறுமைதான் இங்கே கருவி.

ராடு வெளியே வந்ததும் டியூபுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த கிரீஸ், துருத் தூள், வண்டல் எல்லாம் இருக்கும். குளவிக்கூடும் இருக்கும். நம் பக்கத்துக் குளவிகளுக்கு இந்த மாதிரித் துளை என்றால் கொள்ளைப் பிரியம். மூடி இல்லாத டியூபின் வாயில் மண் வைத்து அடைத்துவிடும். அதைப் பார்க்காமல் வீலைத் திருப்பினால் அந்த மண் முழுக்க ராடோடு உரசி உள்ளே போகும். மோட்டார் குளிரூட்டும் தண்ணீர் பீச்சும் சின்னத் துளையிலும் இதே வேலையைச் செய்திருக்கும், கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

உருளைப் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து டியூபுக்குள் முன்னும் பின்னும் இழுங்கள். ராடின் பருமன் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், அந்த டியூபுக்குள் இறுக்கமாகப் போகும் பிரஷ்ஷாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு கம்பியில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றித் துடையுங்கள். துணி கறுப்பில்லாமல் வரும்வரை தொடரவேண்டும். பாதிச் சுத்தத்தோடு புதிய கிரீஸ் போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ராடையும் அதேபோலத் துடைத்துவிட்டு, ஒரு கண்ணாடிப் பலகையிலோ தட்டையான கடப்பாக் கல்லிலோ அதன் நேரான பகுதியை வைத்து உருட்டிப் பாருங்கள். எங்காவது எழும்பி இறங்கினால் ராடு வளைந்திருக்கிறது. வளைந்த ராடை நிமிர்த்திப் போடலாம் என்று லேத் பட்டறையில் சொன்னாலும் கேட்காதீர்கள். கேபிளும் ராடும் ஒரே உருப்படி, முழுசாக மாற்றுவதுதான் வழி. வெள்ளத்தின் நடுவில் ராடு ஒடிந்தால் படகில் இருப்பவர்களின் உயிர் பற்றிய விஷயம் அது. மேலாக மட்டும் துருப்புள்ளி இருந்தால் மிக நைசான எமரி போதும்.

சுத்தமான ராடில் மரைன் கிரீஸை முழுநீளத்துக்கும் தடவி டியூபுக்குள் செருகுங்கள். டியூபில் நிப்பிள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ராடு முழுவதும் டியூபுக்குள் இழுக்கப்பட்ட நிலையில்தான் கிரீஸ் கன் போட வேண்டும். ராடு வெளியே நீண்டிருக்கும்போது உள்ளே கிரீஸை நிரப்பிவிட்டால், ராடு திரும்பி உள்ளே வர இடமில்லாமல் அந்தக் கிரீஸே அதைப் பூட்டிவிடும். இறுக்கத்தைச் சரிசெய்யப்போய் அசையவே முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

கேபிளா, ஹெல்மா?

ராடு டியூபுக்கு வெளியே இருக்கும்போதே வீலைத் திருப்பிப் பாருங்கள். லேசாக ஓடினால் கோளாறு டியூபோடு முடிந்தது. இன்னும் கனக்கிறதென்றால் ஹெல்மிலிருந்து கேபிளைக் கழற்றி, வெறும் ஹெல்மை மட்டும் சுற்றுங்கள். ஹெல்ம் லேசாகச் சுற்றினால் குற்றவாளி கேபிள்.

கேபிளை மாற்ற முடிவெடுக்குமுன் அது போகும் பாதையை விரலால் தடவிக்கொண்டே போங்கள். சீட்டுக்கு அடியில் பேட்டரி ஏறி உட்கார்ந்திருக்கலாம். யாரோ கேபிள் டையைப் போட்டு நெரித்திருக்கலாம். வளைவு மிகக் குறுகலாக இருக்கலாம். வளைவின் ஆரம் சுமார் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இவை எல்லாம் காசில்லாமல் சரியாகிற விஷயங்கள்.

உறை வெடித்திருந்தால், எலி கடித்திருந்தால், உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் துருத்தண்ணீர் கசிந்தால் கேபிள் முடிந்தது. உறையைக் கீறி எண்ணெய் விடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சில நாள் லேசாக ஓடுவதுபோலத் தெரியும், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் போய் உள்கம்பியை அரித்துவிடும். புதிய கேபிளுக்குச் சொல்லும்போது பழைய உறையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் நீளத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஹெல்மின் வகையையும் சொல்லுங்கள். சுழல் வகை (வட்டப் பல்சக்கரம்) ஹெல்முக்கான கேபிள் ராக் வகைக்கு (நேரான பல்சட்டம்) பொருந்தாது.

ஹெல்மே கனக்கிறது என்றால், அது மோட்டாரின் இழுப்பு வீலுக்கு வராமல் தடுக்கும் வகையா என்று பாருங்கள். அந்த வகை இயல்பிலேயே கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். மற்றபடி பற்களில் காய்ந்த கிரீஸைத் துடைத்துப் புதியது போடலாம். பல் தேய்ந்திருந்தால் ஹெல்மை மாற்றுங்கள்.

கைப்பிடி மோட்டார்

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது படைப்பிரிவு இருப்பதால் நம் பக்கத்து மக்கள் ரப்பர் படகையும் கைப்பிடி மோட்டாரையும் வெள்ளக் காலத்தில் நேரில் பார்த்திருப்பார்கள். அந்த வகையில் கேபிளும் டியூபும் இல்லை. இறுக்கம் வந்தால் உராய்வுத் திருகு அல்லது ஸ்விவல், இரண்டே இடம்தான். உராய்வை முழுக்கத் தளர்த்தி விடாதீர்கள். கை எடுத்த நொடியில் மோட்டார் ஒரு பக்கம் வெட்டித் திரும்பி, ஆளைத் தூக்கி வெளியே போடும். கையை எடுத்தாலும் மோட்டார் நின்ற இடத்தில் நிற்கும் அளவுக்கு இறுக்கம் இருக்கட்டும்.

மாட்டுவதும் சோதிப்பதும்

லிங்க் ராடு போல்ட்டுகளுக்குப் பழைய நைலாக் நட்டையே (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) திரும்பப் போட வேண்டாம். அதிர்வில் அது கழன்றால் படகு கட்டுப்பாட்டை இழக்கும். புதிய நட், படத்தில் இருந்த அதே வாஷர் வரிசை. எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது மோட்டாரின் கையேட்டில் இருக்கும். சில நட்டுகளை முறுக்கியபின் கால் சுற்று தளர்த்தச் சொல்லியிருப்பார்கள், மூட்டு அசைய வேண்டும் என்பதற்காக.

ஒரு ஆள் வீலைத் திருப்பட்டும், இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். மோட்டார் முழு இடம், முழு வலம் போகிறதா? மோட்டாரைத் தூக்கிய நிலையிலும் அதேபோலத் திரும்புகிறதா? கேபிள் எங்கும் இழுபடாமல் இருக்கிறதா? இதெல்லாம் சரியானபின் தண்ணீருக்குப் போகலாம். முதல் ஓட்டம் ஆழம் தெரிந்த, நீரோட்டமில்லாத ஏரியில். லைஃப் ஜாக்கெட், கில் சுவிட்ச் கயிறு இரண்டும் உடம்பில் இருக்க வேண்டும்.

டிரெய்லரில் லேசாக இருந்த ஸ்டியரிங், தண்ணீரில் வேகம் எடுத்ததும் ஒரு பக்கத்துக்கு மட்டும் கனக்கிறதா? அது கிரீஸ் பிரச்சினை கிடையாது. புரொப்பெல்லரின் சுழற்சி மோட்டாரை ஒரு பக்கம் தள்ளுகிறது. ஆட்களையும் சாமானையும் சமமாக உட்கார வைத்து, மோட்டாரின் சாய்வைத் தீர்மானிக்கும் கம்பியை ஒரு துளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், புரொப்பெல்லருக்கு மேலே தட்டின் அடியில் இருக்கும் சிறிய துடுப்பைக் கவனியுங்கள். அது திருப்பக்கூடிய வகையாக இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதே பக்கமாக அதன் பின்முனையைக் கொஞ்சம் திருப்புங்கள். மோட்டாரை நிறுத்தி, சாவியை எடுத்தபின்தான் அங்கே கை போக வேண்டும்.

நிறுத்தி வைக்கும்போது

வேலை முடிந்து படகைக் கொட்டகையில் விடும்போது ராடு முழுவதும் டியூபுக்குள் போகும் பக்கமாக மோட்டாரைத் திருப்பி நிறுத்துங்கள். பளபளப்பான பகுதி தூசியிலும் ஈரத்திலும் படாமல் கிரீஸுக்குள் இருக்கும். டியூபின் வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போடுங்கள், குளவி வராது. மாதம் ஒரு முறை வீலை முழு இடம், முழு வலம் நாலைந்து தடவை திருப்பினால் கிரீஸ் ஒரே இடத்தில் கட்டியாகாது. செப்டம்பரில் நிப்பிள்களுக்குப் புதிய கிரீஸ் கொடுத்து, லிங்க் ராடைக் கழற்றி மேலே சொன்ன முதல் சோதனையைச் செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கேபிளே மாற்ற வேண்டும் என்று தெரிந்தாலும், சென்னையிலிருந்து அது வந்து சேர அப்போது நாள் இருக்கும்.